முதலில் கணவாய், பிறகுதான் ஊர்: கொலராடோ பனிச்சறுக்குப் பயணம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: லெட்வில்லில் இரண்டு நாள் பனிச்சறுக்கு, அடுத்து ஆஸ்பென் என்று திட்டம். வரைபடத்தில் 60 மைல்தான் இருக்கிறது. மாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விடலாமா?

பதில்: அந்த 60 மைல் கோடைக்கால வழி. நடுவில் இருக்கும் இண்டிபெண்டன்ஸ் கணவாய் 12,095 அடி உயரம். நவம்பரில் மூடினால் மே மாதக் கடைசியில்தான் திறப்பார்கள். குளிர்காலத்தில் கிளென்வுட் ஸ்பிரிங்ஸைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஏறத்தாழ 130 மைல் வரும். கிரெஸ்டட் பியூட்டுக்கும் இதே நிலைதான். கெப்லர் கணவாயும் காட்டன்வுட் கணவாயும் பனிக்காலம் முழுவதும் அடைந்து கிடக்கும். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் கன்னிசனிலிருந்து செல்லும் ஒரே சாலைதான்.

ஆகவே ஊர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கணவாய்களைப் பாருங்கள். டென்வரிலிருந்து 285-ஆம் எண் சாலையில் சலைடா, அங்கிருந்து மானார்க் கணவாய் வழியாகக் கன்னிசன், கிரெஸ்டட் பியூட், பிறகு மான்ட்ரோஸ், யூரே. முதல்முறை போகும் குடும்பத்துக்கு நான் சொல்லும் வழி இதுதான். 11,312 அடி உயர மானார்க் ஆண்டு முழுவதும் இயங்கும் சாலை. ஆனாலும் பெரும் பனிப்பொழிவின்போது அடைத்துவிடுவார்கள். ஏழு நாள் விடுப்பு இருந்தால் ஆறு நாளுக்கு மட்டும் திட்டமிடுங்கள். ஏழாவது நாளைச் சாலைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: யூரேயிலிருந்து சில்வர்டனுக்குப் போகும் மில்லியன் டாலர் நெடுஞ்சாலையில் ஜனவரியில் காரோட்டலாமா? என் கணவர் முடியும் என்கிறார், எனக்கு பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா. 11,000 அடிக்கு மேலுள்ள ரெட் மவுண்டன் கணவாயை நோக்கி ஏறும் அந்தச் சாலையில் பெரும்பகுதிக்குத் தடுப்புச் சுவர் கிடையாது. யூரேயிலிருந்து தெற்கே போகும்போது உங்கள் கார் பள்ளத்தின் பக்கமாகவே போகும். மலைச்சுவர்ப் பக்கமாக வர வேண்டுமானால் சில்வர்டனிலிருந்து வடக்கே வர வேண்டும். சாலையின் மேலேயே பனிச்சரிவுப் பாதைகள் பல இருக்கின்றன. சரிவில் மாண்ட பனி அகற்றும் வண்டி ஓட்டுநர்களுக்கு அங்கே நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நான் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன்.

ஒரு பிப்ரவரியில் சில்வர்டனில் இரண்டு இரவு மாட்டிக்கொண்டேன். வடக்கே ரெட் மவுண்டன், தெற்கே மோலாஸ், கோல் பேங்க் கணவாய்கள். மூன்றும் ஒரே நேரத்தில் அடைபட்டுவிட்டன. நின்றுகொண்டிருக்கும் பனியை வெடி வைத்து இறக்கி, விழுந்ததை அள்ளிக் கொட்டிய பிறகுதான் திறந்தார்கள். கையில் இரண்டு நாள் மருந்து மிச்சம் இருந்ததால் தப்பித்தேன். வானம் தெளிந்து, சாலை காய்ந்திருக்கும் நாளில், முற்பகலில் போங்கள். பனி கொட்டினால் யூரேயின் வெந்நீர் ஊற்றில் உட்கார்ந்திருங்கள். அதுவும் பயணத்தில் சேர்ந்ததுதான்.

கேள்வி: வாடகைக்கு எடுப்பது நான்கு சக்கர இழுவை கொண்ட வண்டி. வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: டயரைப் பாருங்கள். நான்கு சக்கரமும் இழுத்தால் கிளம்புவது எளிது. நிற்பதற்கு டயர்தான் துணை. டென்வருக்கு மேற்கே 70-ஆம் எண் நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில், மாரிசன் முதல் டொட்செரோ வரை, செப்டம்பர் 1 முதல் மே 31 வரை டயர் விதி அமலில் இருக்கிறது. டயரின் வரிப்பள்ளம் குறைந்தது ஒரு அங்குலத்தில் 16-இல் 3 பங்கு, அதாவது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். சாவியை வாங்கும் முன் குனிந்து பாருங்கள்; தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். சங்கிலி மாட்டக் கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும், அதையும் படியுங்கள்.

பனியில் சிக்கி நின்றுவிட்டால், எஞ்சினை ஓடவிடும் முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைக் கையால் தோண்டி எடுங்கள். குழாய் அடைபட்டால் நச்சுப்புகை வண்டிக்குள் ஏறும். இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

கேள்வி: 68 வயது அம்மாவும் உடன் வருகிறார். உயரம் ஒத்துக்கொள்ளுமா?

பதில்: முதலில் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். டென்வர் 5,280 அடி, சலைடா ஏறத்தாழ 7,000, லெட்வில் 10,152. விமானத்திலிருந்து இறங்கிய அன்றே லெட்வில்லில் தூங்க வைக்காதீர்கள். டென்வரில் ஓர் இரவு, சலைடாவில் இரண்டு இரவு என்று படிப்படியாக ஏறுங்கள். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறாமல் நிறுத்துங்கள். மூச்சுத்திணறலோ தடுமாற்றமோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பனிச்சறுக்குச் சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிப்டுக்கான டிக்கெட் விலை மலைக்க வைக்கிறதே?

பதில்: பிரெக்கன்ரிட்ஜ் போன்ற பெரிய பனிச்சறுக்குத் தளத்தில் விடுமுறை நாளில் நேரில் வாங்கினால் ஒரு நாளுக்கு 200 டாலருக்கு மேல். முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள், அல்லது சிறிய மலைகளுக்குப் போங்கள். லெட்வில் பக்கத்திலுள்ள ஸ்கீ கூப்பர் எனக்குப் பிடித்த இடம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் 10-ஆவது மலைப் படைப்பிரிவினர் பயிற்சி எடுத்த சரிவு அது. 1942-இல் அமைத்த அவர்களுடைய முகாம், கேம்ப் ஹேல், அருகேதான் இருந்தது. போர் முடிந்து திரும்பியவர்களில் சிலர்தான் வெய்ல் போன்ற பெரிய தளங்களை உருவாக்கினார்கள். கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு இதமான சரிவுகள் ஸ்கீ கூப்பரில் நிறைய இருக்கின்றன.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா? அரிசி கொண்டுபோகலாமா?

பதில்: கொண்டுபோங்கள், கூடவே பிரஷர் குக்கரும். லெட்வில்லில் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு ஒரு மணி நேரம் தளதளவென்று கொதித்தாலும், விரலால் நசுக்கினால் நடுவில் கல் மாதிரி நிற்கும். குக்கரில்கூட வீட்டில் வைப்பதைவிட ஓரிரு விசில் கூடுதலாக விடுங்கள். சமையலறை உள்ள அறையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். சிறிய ஊர்களில் கடைகள் இரவில் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள்.