5,000 ரூபாயில் ஸ்ட்ரீட்வேர் ஷூட்: சென்னைக்குப் போக வேண்டாம்

கேள்வி: காரைக்குடியில் நண்பர்கள் சேர்ந்து ஓவர்சைஸ் டி-சர்ட், கார்கோ பேன்ட் விற்கத் தொடங்கியிருக்கிறோம். பழைய தொழிற்சாலைப் பின்னணியில் படம் எடுக்க ஆசை. கையில் 5,000 ரூபாய்தான் இருக்கிறது. சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். போகவர வண்டி வாடகைக்கே அந்தப் பணம் போதாது. பக்கத்தில் புதுவயல் இருக்கிறது, அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். துருப்பிடித்த தகரம், கரி படிந்த சுவர், புகைபோக்கி, நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். செட்டிநாடு என்றதும் பலரும் கானாடுகாத்தான் வீடுகளுக்கு ஓடுவார்கள். தேக்குத் தூணும் ஆத்தங்குடி டைல்ஸும் பின்னால் இருந்தால் பார்ப்பவர் கண் உங்கள் டி-சர்ட்டுக்கு வரவே வராது.

முதலில் அனுமதி. இரண்டு நாள் முன்னதாக நேரில் போய் முதலாளியைப் பாருங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், படம் விற்பனைக்கு என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆலையின் பெயர்ப்பலகையும் மூட்டையில் அச்சடித்த பெயரும் படத்தில் வராது என்று வாக்குக் கொடுங்கள். அதே நடையில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வெளிச்சம்தான் இந்த வேலையில் பாதி. காலை 6.30 முதல் 8.30 வரை களத்தில் எடுங்கள். சாய்வெயிலில் துணியின் மடிப்பு தெரியும்; வெளிறிய சிமெண்டுத் தரை வெளிச்சத்தை மேலே திருப்பிவிடுவதால் முகத்து நிழலும் குறையும். வெயில் ஏறியதும் கொட்டகை வாசலுக்கு மாறுங்கள். மாடல் வாசலுக்கு ஓரடி உள்ளே, வெளியே பார்த்து நிற்கட்டும். வானத்து ஒளி மென்மையாக முகத்தில் விழும், பின்னால் இருட்டு தானாக அமையும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்த வாசல்தான். ஸ்டுடியோ விளக்கே தேவைப்படாது. வேண்டுமானால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பக்கத்தில் பிடியுங்கள்.

போன் கேமராவே போதும். அகலக்கோணத்தில் கிட்டே போய் எடுத்தால் உடுப்பின் அளவே மாறித் தெரியும். நாலு எட்டு பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கேமரா கிடைத்தால் 50 மி.மீ. லென்ஸ், நடக்கும் படத்துக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி. லென்ஸை அங்கே கழற்றாதீர்கள், உமித்தூசி உள்ளே போய்விடும்.

சாம்பல் நிற உடுப்பு சிமெண்டோடு கலந்துவிடும். மஞ்சளும் நீலமும் எடுப்பாக இருக்கும். கறுப்புத் துணியில் தூசி ஒட்டும், செலோ டேப்பால் ஒற்றி எடுங்கள். வெள்ளை ஷூவைக் கடைசிவரை பையிலேயே வையுங்கள், செம்மண் கறை லேசில் போகாது. 3 செட் உடுப்பு போதும், ஆட்களையும் கூட்டமாகச் சேர்க்காதீர்கள். பணம் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் போகட்டும். ஆலை ஆட்களுக்கும் டீ, வடை வாங்கிக் கொடுங்கள்.

உமிச்சாம்பல் குவியலில் யாரும் ஏறக் கூடாது. மேலே ஆறியிருந்தாலும் உள்ளே தணல் இருக்கும். ஓடும் பெல்ட் பக்கம் தொளதொள சட்டையோடு போகவே கூடாது. தண்டவாளத்தில் நின்று எடுக்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். உயிருக்கு ஆபத்து, 1989 ரயில்வே சட்டப்படி அத்துமீறி நுழைவது குற்றமும்கூட.