மன்ற உறுப்பினரை எதைக்கொண்டு அளப்பது?

கேள்வி: எங்கள் தோட்டப் பட்டணத்தின் மாவட்ட மன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தருகிறார், தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுக்கிறார், தமிழ்ப்பள்ளிக்கு நாற்காலிகள் வாங்கித் தந்தார், தோட்டச் சந்திப்பில் தெருவிளக்கு போடவும் ஏற்பாடு செய்தார். அடுத்த தவணைக்கும் அவரையே நியமிக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அவர் கடமையைச் சரியாகச் செய்தார் என்று சொல்லலாமா?
– வாசகர் ஒருவர், பேரா, மலேசியா

பதில்: நீங்கள் அடுக்கிய நான்கில், மன்ற உறுப்பினர் என்ற முறையில் அவர் செய்தது தெருவிளக்கு ஒன்றுதான். அதற்காக அவரை மனமாரப் பாராட்டுகிறேன். ஆலையில் இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களுக்கு அந்த வெளிச்சத்தின் அருமை தெரியும். மற்ற மூன்றும் நல்ல காரியங்களே. ஆனால் வசதியும் மனமும் உள்ள எவரும் அவற்றைச் செய்யலாம், அதற்கு மன்றத்தில் ஓர் இடம் தேவையில்லை.

கால்வாய், குப்பை, சந்தை, அங்காடிக் கடை உரிமம், பூங்கா, கட்டட அனுமதி, எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற முடிவு ஆகியவை மன்றத்தின் வேலை. குப்பை விஷயத்தில் உங்கள் மன்றம் வேறு யாரையும் கைகாட்டவும் முடியாது. 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஜொகூர், பகாங், நெகிரி செம்பிலான், கெடா போன்ற மாநிலங்களில் அந்தப் பொறுப்பு மத்திய அரசின் கைக்குப் போனது. பேரா அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. ஆகவே தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளின் பின்னால் குப்பை நாறினால், கேள்வி நேராக மன்றத்துக்கும் அதன் உறுப்பினருக்கும்தான் போக வேண்டும்.

அண்மையில் உங்கள் பட்டணத்துக்கு வந்திருந்தபோது, தமிழ்ப்பள்ளிக்குப் போகும் சந்தின் முனையில் கால்வாயின் சிமெண்டு மூடி உடைந்து கிடப்பதைப் பார்த்தேன். பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதே என்று யாரோ ஒரு மரக்கிளையை அந்தக் குழியில் நட்டு, அதன் நுனியில் சிவப்பு நெகிழிப் பையைக் கட்டியிருந்தார்கள். அந்தப் பை வெயிலில் வெளுத்து, ஏறக்குறைய வெள்ளையாகியிருந்தது. அது அங்கே எவ்வளவு காலமாகத் தொங்குகிறது என்பதை நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பள்ளிக்குத்தான் நாற்காலிகள் போயிருக்கின்றன. பள்ளிக்குள்ளே இருப்பதைப் பார்க்கக் கல்வி அமைச்சும் பெற்றோர் சங்கமும் இருக்கின்றன. வாசலில் இருக்கும் மூடியை மாற்ற மன்றத்தைத் தவிர வேறு ஆள் இல்லை.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைப் பற்றிக் கேட்டால், அது கம்பெனி நிலம், மன்றம் உள்ளே வர முடியாது என்ற பதில் பல காலமாகச் சொல்லப்படுகிறது. கம்பெனி நிலம்தான், ஒப்புக்கொள்வோம். அப்படியானால் தொழிலாளர் குடியிருப்புக்கு முதலாளியைப் பொறுப்பாக்கும் 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டத்தைச் சுட்டி, தொழிலாளர் இலாகாவுக்கு அவர் ஒரு கடிதமாவது எழுதினாரா? இதைவிடப் பெரிய விஷயம் நிலம். செம்பனைத் தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறும்போது, 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி திட்டமிடல் அனுமதி தருவது மன்றமே. லயத்து மக்கள் எங்கே போவார்கள், கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டிய வேளை அதுதான். அனுமதி கையெழுத்தாகி, மண்வாரி இயந்திரம் தோட்டத்துக்குள் இறங்கிய பிறகு மகஜர் கொடுத்துப் பயனில்லை. அந்த வேளையில் உங்கள் உறுப்பினர் வாய் திறந்தாரா என்பதே அவருடைய தவணையை அளக்கும் முதல் அளவுகோல் என்பேன்.

அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும் இதில் சேர்த்தி. ஊராட்சித் தேர்தல் 1965-இல், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய செனட்டர் ஆதி நாகப்பன் நம்மவர். தேர்தல் மீண்டும் நடத்தப்பட வேண்டும் என்றே அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்காமல், 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டத்தின் வழி நியமன முறையை நிலைப்படுத்தியது. அந்தச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, ஒரு தவணை மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது என்கிறது. ஊராட்சி அனுபவமோ தொழில்துறைச் சிறப்போ உள்ளவர்களை, அல்லது தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கும் திறனுள்ளவர்களை நியமிக்கச் சொல்கிறது. கட்சிக்கு இத்தனை இடம் என்ற பங்கீடு அதில் எங்கும் இல்லை. நடப்பிலோ கட்சிக் கிளையின் பரிந்துரைதான் பெயரை முடிவு செய்கிறது. அதனால்தான் உறுப்பினர்கள் மக்களைவிடக் கிளைத் தலைவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். இந்த முறை மாற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அது மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தே இருக்க வேண்டும். மதிப்பீட்டு வரியை ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், தவறாமல் கட்டுகிறவர்கள் நீங்கள். மன்றச் செயலாளருக்குக் கடிதம் எழுதி அடுத்த கூட்டத்தின் தேதியைக் கேளுங்கள். நான்கைந்து பேராகப் போய் உட்காருங்கள். உங்கள் உறுப்பினர் எழுந்து பேசுகிறாரா, வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் பகுதிக் கால்வாய்க்கு ஒதுக்கீடு கேட்கிறாரா, பேசாமல் இருந்துவிட்டு வருகிறாரா என்று பாருங்கள். இதுவரை எத்தனைக் கூட்டங்களில் என்னென்ன கேட்டார் என்பதை எழுத்தில் தரும்படி அவரிடமும் கேளுங்கள். அவர் தரும் பதிலை எனக்கு அனுப்பி வைத்தால், அவர் பக்க நியாயம் உட்பட, ஒரு வரியும் வெட்டாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.