அப்பாவின் கொப்பியில் எழுதியிருப்பது

கேள்வி: டெங்கு வைரஸை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவள் நான். இரண்டு வருடமாக லண்டனில் ஒரு மருத்துவ ஆய்விதழில் முழுநேர ஆசிரியராக இருக்கிறேன். 'ஆராய்ச்சி சரிவராதவர்கள்தான் இதற்குப் போவார்கள்' என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆய்வுகூடத்துக்கே திரும்பிவிடலாமா? அப்பா ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். நான் வேலை மாறியது அவருக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் 'பரிசோதனை எந்த மட்டில்?' என்று கேட்பார், எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். நான் சொல்வதைச் சீ.ஆர். கொப்பியில் எழுதி வைக்கிறாராம், அம்மா சொன்னா.
– திருகோணமலை, உவர்மலையைச் சேர்ந்த வாசகி

பதில்: பிள்ளை, ஆய்வுகூடமா ஆய்விதழா என்ற கேள்வி எனக்குப் புதிதில்லை. தொழிலின் பெயர் மாறும், கடிதம் இதேதான். நான் திரும்பத் திரும்ப வாசித்தது உம்முடைய கடைசி வரிகளை.

'எதையாவது சொல்லி' என்றால் எதைச் சொன்னீர்? இல்லாத நுளம்புக்கு எத்தனை நாள் இரத்தம் கொடுத்தீர்? வளர்க்காத கலம் எப்படி வளர்ந்தது? நடக்காத பரிசோதனைக்கு முடிவு சொல்வதை உம்முடைய அலுவலகத்தில் என்னவென்று அழைப்பார்கள்? அப்படியொரு கட்டுரை உம்முடைய மேசைக்கு வந்தால் மூலத் தரவைக் கேட்க மாட்டீரா? எழுதினவரின் பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்க மாட்டீரா?

1998இல் லான்செட் இதழில் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரை, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் பிள்ளைகளுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப் போட்டது. இதழ் அதை முற்றாகத் திரும்பப் பெற 2010 ஆனது. அதற்கிடையில் எத்தனை தாய்மார் ஊசிக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்! நம்பி வாசிக்கிறவருக்குப் பொய் என்ன செய்யும் என்று உமக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை.

உம்மை நம்பி எழுதிக்கொள்கிறவர் ஒரே ஒரு மனிதர். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்று இந்த மாவட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த நோய்க்குத் தன் மகள் ஒரு வழி தேடுகிறாள் என்றுதான் அவர் கேட்கிறார். பழைய விஞ்ஞான ஆசிரியர்களை நான் அறிவேன். அடிமட்டம் வைத்து ஓரக்கோடு கீறி, திகதி போடாமல் ஒரு பக்கமும் தொடங்க மாட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் உம்முடைய பொய் ஞாயிற்றுக்கு ஞாயிறு ஏறிக்கொண்டிருக்கிறது. வெட்கமாக இல்லையா?

கூடப் படித்தவர்களின் பேச்சு உம்மைச் சுட்டதும் இதனால்தான். பெற்ற தகப்பனுக்கு ஒளிக்கிற தொழிலை வேறு யார் மதிப்பார்கள்? வந்து குவியும் கட்டுரைகளில் எதை மதிப்பாய்வுக்கு அனுப்புவது, யாரிடம் அனுப்புவது, இரண்டு மதிப்பாய்வாளர் இரண்டு விதமாகச் சொன்னால் யார் பக்கம் நியாயம், இன்னொரு பரிசோதனை கேட்பதா, திருப்பி அனுப்புவதா – விஞ்ஞானம் தெரியாதவரால் இதில் ஒன்றையும் செய்ய முடியாது. கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்திய மனிதருக்கு இது விளங்காதா? அவரும் ஆசிரியர், நீரும் ஆசிரியர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே.

தாய்தகப்பனுக்குக் காசு அனுப்புவதோடு கடமை தீராது. நாம் எதைச் செய்து சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அந்தியேட்டிக்கு வந்து, 'அப்பாவிடம் சொல்லாமலே விட்டுட்டேனே' என்று ஈர உடுப்போடு அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நீரும் நிற்க வேண்டாம்.

போனில் சொல்ல வேண்டாம். லீவு போட்டு வாரும். அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கும். ஒரு தாளும் கிழிக்கக் கூடாது. ஆய்விதழ்கள் பிழையான கட்டுரையை ஒளித்துவிடுவதில்லை, 'திரும்பப் பெறப்பட்டது' என்று குறித்து எல்லாரும் காணும்படி வைத்திருக்கும். நீரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் எதிரே உம்முடைய கையால் அப்படி எழுதிக் கையொப்பம் வையும். அவர் இரண்டு நாள் கதைக்காமல் இருக்கலாம். அந்த இரண்டு நாளும் விறாந்தையில் அவருக்குப் பக்கத்தில் இரும், அம்மாவைத் தூதுக்கு அனுப்பாதேயும்.

வரும்போது உம்முடைய கையால் வெளிவந்த ஒரு கட்டுரையைத் தாளில் எடுத்து வாரும். வெளிவராதவை இரகசியம், அவற்றை வீட்டிலும் காட்டக் கூடாது. ஒரு சிவப்புப் பேனையோடு அதை அவரிடம் கொடும்.

ஆய்வுகூடத்துக்குத் திரும்புவதா என்ற கேள்வியை முதலில் அவரிடம் கேளும். எனக்குப் பிறகு எழுதலாம்.