டெம்ப்பில் வைத்த எண்ணிக்கை

அன்புள்ள அண்ணா,

வாளையாரிலிருந்து தினமும் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போகிறேன். மூட்டை எண்ணுவதற்கு எஸ்7-300 என்ற பிஎல்சியில் (ஆலை இயந்திரங்களை இயக்கும் கணினி) ஒரு எஃப்சி (தனக்கென்று நினைவிடம் இல்லாத நிரல் பிளாக்) எழுதி, எண்ணிக்கையை அதன் டெம்ப் என்ற தற்காலிக இடத்தில் வைத்தேன். சிமுலேட்டரில் ஒழுங்காக எண்ணியது. லைனில் போட்டதும் 14க்கு அடுத்து 8,000 சொச்சம் காட்டுகிறது. சிபியு பழுதா?

அன்புள்ள தம்பி,

சிபியு நன்றாகத்தான் இருக்கிறது. டெம்ப் என்பது சத்திரத்துத் திண்ணை. பிளாக்கைக் கூப்பிடும்போது லோக்கல் ஸ்டாக் என்ற பொது நினைவிடத்தில் அதற்கு இடம் கிடைக்கும், முடிந்ததும் அதே இடம் அடுத்த பிளாக்குக்குப் போய்விடும். நடுவில் யாரும் பெருக்கி வைப்பதில்லை. சிமுலேட்டரில் உங்கள் எஃப்சி மட்டும் ஓடியிருக்கும். அந்த பைட்டுகளை வேறு யாரும் தொடாததால் 14 அப்படியே கிடந்து 15 ஆனது. லைனில் இன்னொரு பிளாக் அங்கே தன் கணக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நீங்கள் அதோடு ஒன்றைக் கூட்டியிருக்கிறீர்கள்.

எனக்கும் இது நடந்தது, சித்தூர் பக்கம் ஒரு அரிசி ஆலையில். தொட்டியில் தண்ணீர் குறைந்தால், வால்வைத் திறக்கிற டெம்ப் பிட்டை 1 ஆக்கு என்று எழுதியிருந்தேன். குறையாவிட்டால் 0 ஆக்கு என்று எழுதவில்லை. மாதக்கணக்கில் ஓடியது. ஒருநாள் சம்பந்தமே இல்லாத ஒரு பிளாக்கைச் சேர்த்தேன். அது அதே இடத்தில் 1-ஐ விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, நான் தொடாத வால்வு திறந்து, நெல் ஊறும் தொட்டி வழிந்து தரையெல்லாம் வெந்நீர். நல்லவேளை, கீழே ஆள் யாரும் நிற்கவில்லை.

சரி, டெம்ப் எதற்கு? அதே சுற்றில் (பிஎல்சி நிரலை ஒருமுறை முழுதாக ஓட்டுவது ஒரு சுற்று) முதலில் எழுதி, அப்புறம் படிக்கிற இடைக்கணக்குக்கு. சென்சார் தருகிற 4-20 மில்லி ஆம்பியர் சிக்னல் பிஎல்சிக்குள் 0 முதல் 27648 வரையான எண்ணாக வரும், அதை லிட்டராக்கும்போது நடுவில் வருகிற எண்களை அங்கே வைக்கலாம். மூட்டை எண்ணிக்கை அடுத்த சுற்றுக்கும் வேண்டும். எஃப்சியை எஃப்பியாக (தனக்கென்று நினைவிடம் உள்ள பிளாக்) மாற்றி ஸ்டாட்டிக் பகுதியில் வையுங்கள், அந்த நினைவிடமான இன்ஸ்டன்ஸ் டிபியில் பத்திரமாக இருக்கும். சென்சார் 0-விலிருந்து 1 ஆகிற கணத்தை (எட்ஜ்) பிடிக்கிற பிட்டும் அங்கேதான் இருக்க வேண்டும்.

அதற்குப் பின் வந்த எஸ்7-1500இல் ஆப்டிமைஸ்டு பிளாக் (நினைவிடத்தை சிஸ்டமே அடுக்கிக்கொள்ளும் வகை) என்றால் இந்த எண்ணிக்கை ஒவ்வொரு அழைப்பிலும் 0-விலிருந்து தொடங்கும், 1-ஐத் தாண்டாது. தப்பு முதல் நாளே தெரிந்துவிடும். 300இல் ஒளிந்துகொள்ளும். அதனால் மற்ற எஃப்சிக்களையும் இன்றைக்கே திறந்து, ஒவ்வொரு டெம்ப்பும் எழுதும் முன்பே படிக்கப்படுகிறதா என்று பாருங்கள். வால்வும் மோட்டாரும் உள்ளவற்றிலிருந்து தொடங்குங்கள்.