கட்சியும் இல்லை, கொடியும் இல்லை: சட்டசபைத் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இட்லிக் கடை நடத்துகிறேன். மகளிர் குழுவிலும் பொறுப்பில் இருக்கிறேன். குடிதண்ணீர் கேட்டு மறியல் செய்ததில் என்மேல் ஒரு வழக்கு நடக்கிறது. "நீயே எம்.எல்.ஏ.வுக்கு நில்லு" என்று ஊரில் சொல்கிறார்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. என் ஓட்டு இன்னும் அம்மா வீட்டு முகவரியில், பக்கத்துத் தொகுதியில் இருக்கிறது. சுயேச்சையாக நிற்க முடியுமா? எவ்வளவு செலவாகும்?

பதில்: தாராளமாக நிற்கலாம் அம்மா. 25 வயது முடிந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. பெயர் வேறு தொகுதியில் இருப்பதால், அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகலை வாங்கி வேட்புமனுவோடு வைத்துவிடுங்கள். வழக்கு நிலுவையில் இருப்பதும் தடையில்லை. பொதுவாக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால்தான் தகுதி போகும்.

டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 5,000. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். இரண்டு லட்சம் ஓட்டு விழுந்தால் 33,334 வேண்டும். கடைப் பணத்தை எடுத்துக் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

தேர்தல் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கட்சி இல்லாதவர் பலர் ஓட்டுப்பெட்டி வரைக்குமே போவதில்லை, மனு பரிசீலனை மேசையிலேயே விழுந்துவிடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். உங்களுக்கு 10 பேர் வேண்டும், பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். உங்கள் அம்மாவும் அண்ணனும் அந்தப் பக்கத்துத் தொகுதி என்றால் அவர்கள் கையெழுத்து செல்லாது.

இந்தப் பத்துப் பேர் விதிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1996-இல் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று கும்பல் கும்பலாக மனு போட்டார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. அப்போது டெபாசிட் வெறும் 250 ரூபாய். அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள், முன்மொழிய 10 பேர் என்றும் வைத்தார்கள்.

அந்த விதி யாரையும் விட்டுவைக்காது. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் சுயேச்சையாக மனு கொடுத்தார். முன்மொழிந்தவர்களில் இருவர், "இது எங்கள் கையெழுத்து இல்லை" என்று சொல்ல, மனு தள்ளுபடி. ஒரு நடிகருக்கே அந்தக் கதி. ஆகையால் கையெழுத்தை உங்கள் கண்முன்னால் வாங்குங்கள். வாக்காளர் அடையாள அட்டையைப் பார்த்து பாகம் எண், வரிசை எண்ணை நீங்களே பட்டியலில் சரிபாருங்கள். கடைக்குச் சாப்பிட வருகிறவர் எல்லாம் உங்கள் ஆள் இல்லை. பரிசீலனை நாளில் யாராவது மிரட்டினாலும் பல்டி அடிக்காதவராகத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றுதான். இரண்டாவது மனுவுக்கு வேறு பத்துப் பேரைப் பிடித்து வையுங்கள்.

அடுத்தது படிவம் 26 என்னும் பிரமாணப் பத்திரம். அதே ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவின் அண்ணன் மகள் ஜெ. தீபாவின் மனு தள்ளுபடி ஆனது இதைச் சரியாக நிரப்பாததால்தான். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. கார் இல்லையா, 'இல்லை' என்று எழுதுங்கள். கோடு போட்டுவிட்டு வந்தால் வம்பு. உங்கள் நகை எத்தனை கிராம், குழுக் கடன் எவ்வளவு, வீட்டுக்காரர் பெயரில் என்ன இருக்கிறது என்று எல்லாமே வர வேண்டும். மறியல் வழக்கின் எண், காவல் நிலையம், பிரிவு எல்லாம் எழுத வேண்டும். அதோடு, வேட்பாளர் இறுதிப் பட்டியல் வந்த பிறகு அந்த வழக்கு விவரத்தை நாளிதழிலும் டி.வி.யிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். உங்கள் செலவில்தான். போஸ்டர் செலவைவிட இது கையைக் கடிக்கும்.

மனு வாங்குவது காலை 11 முதல் மாலை 3 வரை. கடைசி நாள் இரண்டே முக்காலுக்கு ஓடி வராதீர்கள். ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் ஒருவர் டெபாசிட் முழுவதையும் பத்து ரூபாய் நாணயமாக மஞ்சள் பையில் கொண்டுவந்து கொட்டினார். வெளியே போட்டோ எடுக்க நல்ல கூட்டம். உள்ளே இரண்டு எழுத்தர்கள் மேசைமேல் அடுக்கி அடுக்கி எண்ணினார்கள். எண்ணி முடித்து மனுவைப் புரட்டினால், முன்மொழிந்தவரில் ஒருவருக்கு ஓட்டு பக்கத்துத் தொகுதியில். ஆளை மாற்ற நேரமில்லை.

மனு கொடுத்ததும், அரசியலமைப்புச் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியை எடுக்க மறந்துவிடாதீர்கள். பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுத்தாக வேண்டும்.

சின்னத்துக்கு மனுவிலேயே மூன்று விருப்பம் எழுதலாம். இட்லிக் கடைக்காரருக்கு குக்கர், கேஸ் அடுப்பு எல்லாம் பொருத்தம்தான், ஆனால் அந்தத் தேர்தலின் இலவசச் சின்னப் பட்டியலில் இருந்தால்தான் கிடைக்கும். வேறொரு சுயேச்சையும் அதையே முதல் விருப்பமாகக் கேட்டால் குலுக்கல்.

செலவு உச்சவரம்பு 40 லட்சம். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம், கணக்கைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மனு போடுவதற்கு முந்தைய நாளுக்குள் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். 'தோற்றவர்தானே, யார் கேட்கப்போகிறார்கள்' என்று விட்டுவிட்டு, மூன்று ஆண்டு தகுதிநீக்கம் வாங்கியவர்கள் உண்டு.

ஜெயிப்பீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஒரு தொகுதியில் ஏறக்குறைய முந்நூறு வாக்குச்சாவடி, அத்தனையிலும் ஏஜென்ட் உட்கார வைப்பது கட்சிகளுக்கே பாடு. மேட்டூரில் டயர் கடை நடத்தும் பத்மராஜன் 1988 முதல் இருநூறு தேர்தலுக்கு மேல் நின்றவர். அதிகபட்சமாக அவர் வாங்கியது 2011-இல் மேட்டூரில் 6,273 ஓட்டு. ஆட்டோ ஓட்டுநர் சரவணன் 2022-இல் கும்பகோணத்தின் முதல் மேயர் ஆனாரே என்றால், அவர் காங்கிரஸ்காரர்.

என்னைக் கேட்டால் முதலில் ஊராட்சியில் நில்லுங்கள். வயது 21 போதும், டெபாசிட் சில நூறு ரூபாய்தான், கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. பாதி இடம் பெண்களுக்கு. நீங்கள் மறியல் செய்த குடிதண்ணீர்க் குழாயும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்கு உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் பட்டியலிலேயே இருக்க வேண்டும், பிறந்த வீட்டு ஓட்டு உதவாது. எம்.எல்.ஏ.வா, ஊராட்சியா என்று அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம். இந்த வாரமே ஓட்டை இந்த ஊருக்கு மாற்றும் படிவம் 8 நிரப்பி, இப்போதைய முகவரிச் சான்றோடு உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள்.