நகைச்சுவைக்காகப் பொய் சொல்லலாமா? – மார்க்கக் கேள்வி பதில்

கேள்வி: மார்க்கப் பற்றுள்ளவர் வேடிக்கை பேசக் கூடாது என்று எங்கள் வீட்டில் கண்டிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் நகைச்சுவையாகப் பேசியதுண்டா?

பதில்: நிச்சயமாகப் பேசியிருக்கிறார்கள். "அல்லாஹ்வின் தூதரே, தாங்கள் எங்களிடம் வேடிக்கையாகப் பேசுகிறீர்களே" என்று தோழர்கள் கேட்டபோது, "நான் உண்மையைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை" என்று அவர்கள் விடையளித்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) திர்மிதீ என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. பயணத்திற்கு வாகனம் கேட்டு வந்த ஒருவரிடம், "உம்மை ஓர் ஒட்டகத்தின் குட்டி மீது ஏற்றி அனுப்புகிறேன்" என்றார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைக்க, "எந்த ஒட்டகத்தையும் ஒரு தாய் ஒட்டகம்தானே ஈன்றிருக்கும்?" என்று கேட்டார்கள். அவரைத் திகைக்க வைத்த சொல்லில்கூட, பின்னர் "சும்மா சொன்னேன்" என்று திரும்பப் பெற வேண்டியது எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிறுவரான அனஸ் (ரலி) அவர்களை "இரு காதுகள் உடையவரே" என்று அழைத்ததும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

கேள்வி: மூதாட்டிகள் சொர்க்கம் செல்ல மாட்டார்கள் என்று முதிய பெண்மணி ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள் கூறியதாகச் சொல்கிறார்களே, அது மனத்தைப் புண்படுத்தாதா?

பதில்: இச்செய்தியை நபித்தோழர் எவரையும் குறிப்பிடாமல் தாபிஈயான (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரான) ஹஸன் அல்பஸரீ அறிவிப்பதால், இதன் அறிவிப்பாளர் தொடரை, அதாவது யார் யாரிடமிருந்து கேட்டு அறிவித்தார்கள் என்ற வரிசையை, கவனத்துடனேயே அணுக வேண்டும். இருப்பினும், அப்பெண் அழுதுகொண்டே திரும்பியதும், முதுமையோடு நுழைய மாட்டார், இளமையாக்கப்பட்டே நுழைவார் என்று அவருக்குத் தெரிவிக்கச் சொல்லி, குர்ஆனின் 56ஆம் அத்தியாயத்தின் 35 முதல் 37 வரையிலான வசனங்களை ஓதிக்காட்டியதாகவே அச்செய்தி முடிகிறது. அவரை அந்தத் துயரத்தோடு வீடு திரும்ப விடவில்லை.

கேள்வி: நண்பர்களைச் சிரிக்க வைக்க, நடக்காததை நடந்ததாகச் சொல்வது பாவமா? யாருக்கும் நட்டமில்லையே.

பதில்: பாவமே. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பேசிப் பொய்யுரைப்பவனுக்குக் கேடுதான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்து, "கேடுதான்" என்பதை மீண்டும் மீண்டும் கூறியதாக அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பிலும் திர்மிதீயிலும் உள்ளது. கற்பனை என்று கேட்பவருக்கே தெரிந்த கதை வேறு. நம்ப வைத்து ஏமாற்றுவது வேறு. விளையாட்டுக்காகக்கூடப் பொய் சொல்லாதவருக்குச் சொர்க்கத்தின் நடுவில் ஒரு வீட்டுக்குத் தாம் பொறுப்பேற்பதாகவும் நபியவர்கள் கூறியுள்ளார்கள். நண்பர்களின் ஒரு நிமிடச் சிரிப்புக்காக இதை இழக்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: விடுதியில் நண்பனின் கைப்பேசியை ஒளித்து வைத்து விளையாடுகிறோம். இதில் பொய் எதுவும் இல்லை.

பதில்: பொய் இல்லாவிட்டாலும் கூடாது. ஒரு பயணத்தில் தோழர் ஒருவர் உறங்கியபோது, அவரிடமிருந்த கயிற்றை மற்றொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டார். அப்போது, "ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல" என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அங்கு எடுக்கப்பட்டது வெறும் கயிறுதான்.

கேள்வி: அடம்பிடிக்கும் குழந்தையிடம் "வா, மிட்டாய் தருகிறேன்" என்று சொல்லி அழைப்பது தாய்க்கு அனுமதிக்கப்பட்டதா?

பதில்: மிட்டாய் கையில் இருந்து, அதைக் கொடுக்கவும் செய்தால் தாராளமாக அழைக்கலாம். அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தாயார் இவ்வாறே அழைத்தார். எதைக் கொடுக்க நினைத்தீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதற்கு, பேரீச்சம்பழம் என்று தாயார் கூறினார். "எதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும்" என்றார்கள்.