கோடை இடிமழை: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பங்குனி பிறக்கும் முன்பே வெயில் கொளுத்துகிறது. இவ்வளவு வெயில் அடித்தால் மழை கட்டாயம் வரும் என்கிறார்களே, உண்மையா? (காரைக்குடி)

பதில்: பாதிதான் உண்மை. வெயிலால் சூடேறிய தரை காற்றை மேலே எழுப்பும். ஆனால் அந்தக் காற்றில் ஈரம் இல்லையென்றால் வெயில் 39 டிகிரியைத் தொட்டாலும் வானம் வெளிறியே கிடக்கும். நமக்கு ஈரம் வருவது கிழக்கே தொண்டிப் பக்கத்துக் கடலிலிருந்து. பிற்பகலில் உள்ளே நுழையும் கடற்காற்று, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றோடு முட்டும் இடத்தில்தான் இடிமேகம் எழும்புகிறது. ஆகவே பகல் வெயிலைவிட விடியற்காலைப் புழுக்கத்தைக் கவனியுங்கள். அடுப்படியில் கல்லுப்புச் சாடி நீர்விட்டுக் கசிந்திருந்து, பதினோரு மணிக்கே மேகம் காலிஃப்ளவர் பூப்போலக் குவிந்து உயரத் தொடங்கினால், மாலையில் மழைக்கு வாய்ப்பு உண்டு. மார்ச்சைவிட ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் இது அதிகம்.

கேள்வி: மாடியில் வடகம் பிழிந்து காயவைக்கலாமா? (கானாடுகாத்தான்)

பதில்: தாராளமாக. கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் வரும் என்பதால் இரண்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள். மழைக்கு முன்பே மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று புழுதியை வாரிக் கொட்டிவிடும். வடகத்தைக் கெடுப்பது அதுதான்.

கேள்வி: எங்கள் வளவு முற்றத்தின்மேல் இரும்புக் கம்பி போட்டிருக்கிறோம். அது மின்னலை இழுக்குமா? (தேவகோட்டை)

பதில்: இரும்பு என்பதற்காக மின்னல் தேடி வருவதில்லை, உயரமும் தனித்து நிற்பதுமே முக்கியம். ஆனால் விழுந்த மின்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், மின்கம்பி வழியாக வீட்டுக்குள் பரவக்கூடும் என்பதால், இடி முழங்கும்போது கிடாரத்தில் மழைநீர் பிடிக்க முற்றத்தில் நிற்காமல் உள்ளறைக்குப் போய்விடுவதும், குளிப்பதையும் குழாயைத் தொடுவதையும் தள்ளிப்போடுவதும், தொலைக்காட்சிப் பிளக்கை முன்கூட்டியே பிடுங்கிவிடுவதும் நல்லது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் நீங்கள் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் பொறுங்கள். ஊருணிக் கரையில் நிற்பவர்கள் புளியமரத்தடிக்கு ஓடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. மரத்தடி ஒதுங்கும் இடமே அல்ல.

கேள்வி: மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தும் எங்கள் தெருவில் ஒரு துளி விழவில்லையே? (பள்ளத்தூர்)

பதில்: எச்சரிக்கை மாவட்டத்துக்கு, இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலமே உள்ளது. பக்கத்து ஊர் நனைந்து நம்மூர் காய்வது இயல்பு. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரு மாவட்டங்களிலும் பரவியிருப்பதால் இரண்டுக்குமான அறிவிப்பையும் பாருங்கள். பிற்பகலில் காரைக்கால் ரேடார் படத்தையும், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பையும் பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

கேள்வி: கஜா போன்ற புயல் கோடையிலும் வருமா? (புதுவயல்)

பதில்: கஜா 2018 நவம்பரில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தது. ஏப்ரல், மே மாதங்களிலும் வங்கக்கடலில் புயல் உருவாகும். ஆனால் 2019இல் ஒடிசாவுக்குச் சென்ற ஃபானி, 2020இல் மேற்கு வங்கத்துக்குச் சென்ற ஆம்பன் போல அவை பெரும்பாலும் வடக்கே திரும்பிவிடுகின்றன. அப்படி விலகும் புயல் கடலோர ஈரத்தைத் தன் பக்கம் இழுத்து, நம் பக்கம் வறண்ட மேற்குக் காற்றை வீசச் செய்வதால், அந்த நாட்களில் மழைக்குப் பதில் வெயில்தான் கூடும்.